வெட்டுப்படாத ஓரம்

“பின்னாடி இவ்வளவு பெரிய திரை இருக்கு. அதை விட்டுட்டு ஓட்டையில கண்ணை வெச்சுத்தான் பார்ப்பேன்னா எப்படி சார்?” என்று சலித்துக்கொண்டான் கேமராக் கடைக்காரன்.

“கைக்கு அடக்கமா, மலிவா ஒரு டிஜிட்டல் கேமரா. கண்டிப்பா ஓட்டை இருக்கணும். இருந்தா எடு, இல்லைன்னா ஆளை விடு.”

பழைய மாடல் ஒன்றை மேசைமேல் டொக்கென்று வைத்தான். “ஓட்டையில தெரியறது வேற, படத்துல விழறது வேற. அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.”

“எனக்கு வேண்டியதும் அதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் குடும்பமே கூடியது. படம் எடுக்கிற வேலை என் தலையில். மூன்று வருஷமாக என்னோடு பேசாத தம்பி, வலது ஓரத்தில் போய் நின்றான். ஓட்டை வழியாகப் பார்த்து, அவன் மட்டும் மறையும்வரை கேமராவை நகர்த்தி அழுத்தினேன்.

“ஓரத்துல யாராவது வெட்டுப்பட்டிருந்தா என்னைக் கேட்காதே அக்கா. இந்த மாடலே அப்படித்தான்” என்று முந்திக்கொண்டேன்.

அக்கா கேமராவைப் பிடுங்கித் திரையில் பார்த்தாள். “யாரும் வெட்டுப்படலையே!”

எட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போன ஓட்டை காட்டாததையெல்லாம் படம் காட்டியது. ஓரத்தில் தம்பி முழுசாக நின்றிருந்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“பார்த்தியா அக்கா இவன் திமிரை! நான் எடுக்கிற படத்துல இவன் முகம் விழக்கூடாதாம்!”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சந்தேகமே இல்லை. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான்.”