பூட்டிய கேற்

“ஓகூஸ் ரவுண் கடையிலை எடுத்துவரச் சொன்ன பார்சல் எங்கை, தம்பி?” கதவைத் திறந்ததுமே கேட்டார் குணசேகரம்.

“அதைப் பிறகு கதைப்பம், அண்ணை. முதல்ல ரொய்லற் எங்கை?”

ரயிலை விட்டிறங்கி, டென்மார்க்கின் வைலே நிலையத்திலிருந்து சிறுநீரை அடக்கியபடி ஓடியே வந்திருந்தான் அந்தோனிதாசன்.

“ரொய்லற் அங்காலை. ஆனால் கேற் பூட்டியாச்சு.”

குறுகிய நடையை மறித்து, இடுப்புயரப் பலகையில் பொம்மைத் தண்டவாளம் ஓடியது. அதற்கு இரு பக்கமும் ரயில் கடவையில் போலச் சிவப்பு வெள்ளைத் தடிகள். அப்பால் தேநீருடன் அவர் மனைவி யோகமலர் நின்றாள்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ!”

“நானே அரை மணித்தியாலமா நிக்கிறன், தம்பி. தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

“அண்ணை, கீழாலை குனிஞ்சு போறனே?”

“எண்பத்துமூண்டு வரைக்கும் கொடிகாமத்திலை ரயில் கேற் காத்தனான். மந்திரியின்ரை காரே நிண்டது. கோச்சி போகாமல் ஒருத்தரையும் விடேலாது.”

அந்தோனிதாசன் கால்களைப் பின்னிக்கொண்டான்.

“அந்தக் கோச்சி எப்பதான் வரும்?”

“உம்மோடை வந்திருக்க வேணும். பார்சலுக்குள்ளைதானே எஞ்சின் இருக்கு.”

அந்தோனிதாசன் தன் வெறுங்கைகளைப் பார்த்தான்.

“அண்ணை... பார்சலை நான் வந்த கோச்சியிலையே மறந்து விட்டிட்டன். அது கொப்பன்ஹேகனுக்குப் போகுது.”

குணசேகரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பாலம் இல்லாததாலை கொப்பன்ஹேகன் கோச்சியைக் கப்பலிலை ஏத்தியெல்லோ கடல் கடத்துவினம்,” என்றார். “அப்ப சுணங்கும். நில்லும்.”