ரெண்டு வரி போதும்

மகளின் படத்துக்கு மாலை ஏறும்போது கலியாணசுந்தரத்தின் வாயில் பாதி போண்டா இருந்தது. மீதிப் பாதியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரில் மாலையை இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்த ஜீவிதாவிடம், "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கும்மா, தாடை மறையுது" என்றார்.

பக்கத்தில் பட்டுக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி பேனருக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த ஆதிகேசவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஃப்ளெக்ஸ் மையின் நாற்றம் அவருக்குப் பழகிப்போன ஒன்று. இது வேறு குமட்டல். இருபத்திரண்டு வயசுப் பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு, சட்னி போதவில்லை என்று இலையை வழிக்கிறான் ஒருத்தன்.

"மேல கண்ணீர் அஞ்சலின்னு போட்டுட்டேன் சார். கீழ துளசின்னு பேரு. மறைவு தேதி?" ஜீவிதா கேட்டாள்.

"தேதியெல்லாம் வேணாம். படம், பேரு. ரெண்டு வரி போதும்."

"அதான் சார் கரெக்ட். பைக்ல போறவன் மூஞ்சியப் பாப்பான், பேரப் பாப்பான், போயிக்கினே இருப்பான். ஸ்டேட்டஸ்லயே மூணாவது வரிய எவனும் படிக்கிறதில்ல."

ஆதிகேசவன் சுத்தியலைக் கீழே வைத்தார். பெற்ற பிள்ளை செத்த தேதியைச் சொல்லக்கூட வாய் வலிக்கிற மனிதனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"இன்னா சார் இது, பெத்த பொண்ணுக்கு ரெண்டு வரிதானா?"

"நீ யாருய்யா நடுவுல?"

"சட்டம் அடிக்கிறவன் சார். போன வாரம் ஒருத்தரு நாயக் காணோம்னு போர்டு வச்சாரு. என்ன நெறம், என்ன பேரு, எது குடுத்தா தின்னும்னு நாலு வரி எழுதியிருந்தாரு."

"அண்ணா, சும்மா இரு." ஜீவிதா கண்ணைக் காட்டினாள். "நீளமா போட்டா டிசைன் கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும்மா. நாயிக்கு இருக்குது, மனுசிக்கு இல்லியா?"

சும்மா இருக்க அவரால் முடியவில்லை. அவர் மனைவி பொன்னி செத்தபோது, எவர் வீட்டுப் பேனரிலிருந்தோ உருவிய இரண்டு சொல்லைப் போட்டுத்தான் தெருமுனையில் கட்டினார்கள். அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. அதற்கப்புறம்தான், சட்டத்தில் அடிக்க வருகிற பேனர்களைத் தரையில் விரித்துப் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டக் கற்றுக்கொண்டார். இந்தப் பெண்ணையும் அப்படி அனுப்பிவைக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"நீங்க சொல்லுங்க சார், நான் எழுதறேன். பொண்ணு எப்டி?"

கலியாணசுந்தரம் விரல்களைப் பேப்பரில் துடைத்தார். "எப்டின்னா... எனக்குக் காய்ச்சல்னா அவ சோறு தொட மாட்டா. கழனிலருந்து நான் வந்து ஒக்காந்தாத்தான் தட்டு எடுப்பா. எங்க வீட்ல காலேஜ் முடிச்சது அவ ஒருத்திதான்."

"அம்மா எப்டி இருக்காங்க?"

"அது பைத்தியம் மாதிரி இருக்குது. வேளைக்கு வேளை அவ தட்டையும் சேத்துக் கழுவி வச்சிக்கினு இருக்குது."

ஆதிகேசவன் வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் எழுதத் தொடங்கினார். எழுத்துகள் ஆணி அடித்த மாதிரி தனித்தனியாக நின்றன. பிழை விழுந்த இடத்தில் ஜீவிதா திருத்தினாள். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் திருத்தினாள். பாதியில் அவளே நாற்காலியை விட்டு இறங்கி, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதி முடித்ததை ஆதிகேசவன் சத்தமாகப் படித்தார்.

"அப்பா கழனியிலிருந்து வரும்வரை தட்டைத் தொடாதவளே, அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் பட்டினி கிடந்தவளே, இன்றைக்கும் அம்மா உன் தட்டைக் கழுவி வைக்கிறாள். அதில் யாருக்குச் சோறு போடுவாள்? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளே, உன் படத்துக்குக் கீழே எழுதவா உனக்குப் பேர் வைத்தோம்? நீ இல்லாத வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை, துளசி. பேசினால் உன் பேர்தான் வருகிறது."

ஜீவிதா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். "அண்ணா, இத எல்லாரும் படிப்பாங்க."

கலியாணசுந்தரம் அந்தத் துண்டை வாங்கி, உதடு அசைய ஒருமுறை படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"அந்த ரெண்டு வரி வேணாம்மா. இத முழுசா போடு. ஒரு எழுத்து விடாத."

ஆதிகேசவனுக்குக் குமட்டல் அடங்கியது. என்ன இருந்தாலும் பெற்றவன், போண்டா தின்றால் துக்கம் இல்லை என்று ஆகிவிடுமா? கட்டுக்கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நானே வந்து கட்டறேன் சார். பில்லுல ஊரு மாகறல்னு இருக்குது, அங்க உங்க வீட்டாண்டதான?" என்று கேட்டார்.

"இல்ல. இங்க ஓரிக்கைல, பஸ் ஸ்டாப்புக்கு எதிர மாடி வீடு ஒண்ணு இருக்குது. அது வாசலுக்கு நேரா கட்டணும்."

ஜீவிதா திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "இவ்ளோ நீளம் போட்டா எழுத்து பொடிசாயிடும் சார். ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாது."

"ரோட்டுல போறவன் எதுக்கும்மா படிக்கணும்?"

"பின்ன யாரு சார் படிக்கிறது?"

"துளசிதான். எவனையோ கட்டிக்கினு அந்த வீட்லதான் குடியிருக்கா."