தாடை வரை தண்ணீர்

"முடிவைச் சொன்னாத்தான் வாயைத் திறப்பேன், டாக்டர்."

சொல்லிவிட்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டார் கிரேன் ஓட்டுநர். கழுத்தில் பச்சைத் துணி கட்டி, நாற்காலியில் பாதி சாய்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லுக்கு இன்று கேப் என்கிற உறையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வாயைத் திறந்தால்தானே போடுவதற்கு?

"முதல்ல கேப், அப்புறம் கதை" என்றார் பல் டாக்டர். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம்னா நீங்க கையைக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவீங்க. போன தடவையும் இதே கதைதான்."

இருபது மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்கி வைக்கிறவர் அவர். ஊசியைப் பார்த்தால் மட்டும் தொடை நடுங்கும். முன்பு வேறொரு டாக்டரிடம் போய், கழுத்தில் துணியைக் கட்டியதுமே அந்தத் துணியோடு தெருவுக்கு ஓடி வந்தவர். இந்த டாக்டரிடம் மட்டும் தப்பாமல் வந்துகொண்டிருக்கிறார் என்றால், காரணம் டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டே சொல்லும் கதை.

ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. பனிமூட்டத்தில் அவனுடைய படகு கவிழ்ந்துவிடுகிறது. நடுக்கடலில் ஒரு பாறைமேல் ஏறி நிற்கிறான். தீப்பெட்டி நனைந்துவிட்டது. கடைசியாக இருந்த விசிலும் விறைத்த விரல்களிலிருந்து நழுவிவிட்டது. தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, மார்புக்கு வருகிறது, தாடையைத் தொடுகிறது. அவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"அப்போதான்... கொப்பளிச்சுத் துப்புங்க அண்ணே. மிச்சம் அடுத்த வாரம்" என்று போன முறை டாக்டர் நிறுத்திவிட்டார்.

அந்த ஒரு வாரம் கிரேன் ஓட்டுநர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறுதலுக்காக மனைவியிடம் சொல்லப்போய் அவளுக்கும் தூக்கம் போயிற்று. வேலை செய்யும் இடத்திலும் சொல்லித் தொலைத்தார். இப்போது கீழேயிருந்து மேஸ்திரி வாக்கிடாக்கியில், "அந்த ஆள் பொழைச்சானா இல்லையா?" என்று கேட்கிறார்.

"கட்டடமே அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, டாக்டர்."

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "கதையோட சூட்சுமமே அதுதான் அண்ணே. எல்லாம் போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கேக்கறவங்களுக்குத் தோணணும். அங்க நிறுத்தினா எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியும் திரும்பி வருவான். வைத்தியத்தைப் பாதியில விட்டுட்டு ஓடறவங்களைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை."

பேசப் பேசக் கிராம்பு வாசனை வீசியது. டாக்டர் பக்கத்தில் வந்தாலே அந்த வாசனைதான். ஏதோ மருந்தாக இருக்கும் என்று கிரேன் ஓட்டுநர் நினைத்துக்கொண்டார்.

"சரி, பயந்தாங்கொள்ளி திரும்பி வந்தாச்சு. சொல்லுங்க."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒரு கப்பல் வந்து அவனைக் காப்பாத்திடுச்சு" என்றார் டாக்டர்.

"மூக்குக்கு முன்னாடி நீட்டின கையே தெரியலைன்னு சொன்னது நீங்க. கப்பல்காரனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"அப்ப... எல்லாம் கனவு. திடுக்குனு முழிச்சுக்கிட்டான்."

"கனவுன்னு போய்ச் சொன்னா என் பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டா."

டாக்டர் ஆறிப்போன காப்பியை எடுத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு வாய் குடித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"மறைக்காம சொல்லிடறேன் அண்ணே. முடிவு எனக்கும் தெரியாது. எனக்கு ஒருத்தங்க சொன்ன கதை இது. அவங்களும் தாடையிலயே நிறுத்திட்டாங்க."

கிரேன் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "முடிவு தெரியாமத்தான் என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா? நான் கிளம்பறேன்."

"கேப் போடாமப் போனா பல்லு உடைஞ்சிடும் சார். இதுவரைக்கும் பண்ணினதெல்லாம் வீண்" என்றாள் நர்ஸ்.

"உடைஞ்சா உடையட்டும். இல்ல, கதையைச் சொன்னவங்ககிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லும்மா உங்க டாக்டரை."

"அவங்ககிட்ட நான் கேக்க முடியாது அண்ணே" என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி.

"ஏன், சண்டையா?"

"அதெல்லாம் இல்லை."

"ரொம்ப தூரத்துல இருக்காங்களா?"

நர்ஸ்தான் மெதுவாக விரலை நீட்டினாள். "பக்கத்து ரூம்."

கழுத்துத் துணியோடு எழுந்துபோய்க் கதவைத் தட்டினார் கிரேன் ஓட்டுநர். திறந்தவர் டாக்டரின் அக்கா; கிளினிக் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் முதல் பெயர் அவருடையதுதான். அவரும் பல் டாக்டர். அவருக்குப் பின்னால் காலியாக ஒரு நாற்காலி.

"மேடம், அந்தச் சமையல்காரன் என்ன ஆனான்?"

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக, எதிர் அறையில் நின்ற தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

"தாராளமாச் சொல்றேன் சார். அந்த இடத்துல நிறுத்தினா யாரா இருந்தாலும் திரும்பி வந்துடுவாங்க, இவன் ஒருத்தனைத் தவிர. முதல்ல இவனை வந்து இந்த நாற்காலியில படுக்கச் சொல்லுங்க. கடவாப்பல்லைப் பாதியில விட்டுட்டு ஓடினவன், மூணு மாசமாக் கிராம்பைக் கடிச்சுக்கிட்டு எனக்கு ஒளிஞ்சு திரியறான்."

கிரேன் ஓட்டுநர் திரும்பி வந்தார். தன் கழுத்திலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்து, டாக்டரின் கழுத்தில் நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், டாக்டர். வாங்க."