மஃரிப்புக்கு நேரமாச்சு

"நிறுத்துப்பா! வண்டிய கொஞ்சம் நிறுத்து!"

முன் சீட்டிலிருந்து குரல் வந்ததும் கண்டக்டர் வேதகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செங்கல்பட்டில் கிளம்பும்போதே லேட். ஐப்பசி மழையில் ரோடு வேறு குண்டும் குழியும். உத்திரமேரூரில் அஞ்சே முக்காலுக்குப் பெருநகர் வண்டி கிளம்பிவிடும். அதை நம்பி வந்த பத்துப் பேர், ஏறினதிலிருந்து "புடிச்சிடலாமா, போய்டுமா" என்று அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பாய்?"

குரல் கொடுத்தவர் பூட்டு ரிப்பேர் செய்யும் அமானுல்லா பாய். வாரத்துக்கு ரெண்டு தடவை இதே வண்டியில் வருகிறவர். ஒரு நாளும் இப்படி நிறுத்தச் சொன்னதில்லை.

"மஃரிப் தொழுகைக்கு வக்து ரொம்பக் கம்மி நைனா. பொழுது உழுந்து, வானத்துல செவப்பு மறையற வரிக்கும்தான். பத்து நிமிசம் நிறுத்து."

"ஊர்ல போயி தொழுங்களேன்!"

"மேகமா கீது. பொழுது எங்க நிக்கிதுன்னே தெரில. வக்து தவறிச்சின்னா களாதான், உட்டுப்போன தொழுகையாப் பூடும்."

"ஒரு ஆளுக்காக அறுபது பேரு குந்திக்கினு இருக்கணுமா?" என்று எகிறினார் பெருநகர் கிருஷ்ணசாமி. "எங்க சாமிக்கு நாங்க பஸ்ஸ நிறுத்தறமா?"

அதற்குள் டிரைவர் ஏரிக்கரையோரமாக பிரேக் போட்டுவிட்டார். "பழைய ஆளு. வுடு, வேதகிரி."

பாய் இறங்கினார். ஒரு அவசரமும் இல்லாமல் துண்டை உதறி, விரித்து, உட்கார்ந்தார். ஆம்பளைகள் எல்லாம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நின்று முணுமுணுத்தார்கள். பொம்பளைகள் நாலைந்து பேர் அந்தப் பக்கமாக இறங்கி நடந்தார்கள்.

பத்து நிமிஷம் போயிற்று. வேதகிரி விசில் ஊதினான். பாய் அசையவில்லை. மறுபடி ஊதினான். மூன்றாவது விசிலுக்குத்தான் மெல்ல எழுந்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

உத்திரமேரூர் வந்தபோது பெருநகர் வண்டி போயிருந்தது.

"அடுத்தது ஏழரைக்கிதான்யா!" கிருஷ்ணசாமி வேதகிரியின் சட்டையைப் பிடிக்காத குறை. "எவனோ தொழுவறதுக்கு நாங்க மழைல நிக்கணும். நீயெல்லாம் ஒரு கண்டக்டரு!"

வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான் வேதகிரி. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டது.

அவனுக்குச் சுருக்கென்றது. கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்த பாயை ஓடிப்போய் மறித்தான்.

"பாய், இது இன்னா பாங்கு?"

"மஃரிப்."

"இப்பத்தான் நேரமே வருதுன்னா, அங்க இன்னா தொழுதீங்க?"

"தொழலியே. சாயந்தரத் தொழுகை அஸரை செங்கல்பட்டுலயே முடிச்சிக்கினேன். அதுக்கப்புறம் பொழுது உழுவற வரிக்கும் வேற தொழுகை கூடாது. சும்மா குந்திக்கினு இருந்தேன்."

"சும்மாவா? பத்துப் பேரு வண்டிய வுட்டுட்டு நடுத்தெருவுல நிக்கிறாங்க. கண்டவன்கிட்ட நான் பேச்சு வாங்கினு கீறேன். சாமி பேரச் சொல்லி இன்னா பாய் பேஜார் இது?"

பாய் பஸ் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"கடைசி சீட்டுல ஒரு நெறமாசக்காரி. ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டுத் தனியா வருது. மூணு தபா எழுந்து உன்கிட்ட வந்துச்சி. அது வாயத் தொறக்கறதுக்குள்ள, 'குந்தும்மா, வூடு எங்கயும் ஓடிப் பூடாது'ன்னு மூணு தபாவும் அதட்டி அனுப்பிட்ட. பல்லக் கடிச்சிக்கினு குந்தியிருந்திச்சி நைனா. கண்ணுல தண்ணி. இத்தினி ஆம்பளைங்க நடுவுல, ஒதுங்கணும், வண்டிய நிறுத்துங்கன்னு அது எப்டி கேக்கும்?"

வேதகிரி, "அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல பாய்? நானே நிறுத்தியிருப்பேனே!" என்றான் சத்தமாக.

"மெல்லப் பேசு," என்றார் பாய். "அந்தப் பொண்ணு இன்னும் எறங்கல."