பந்தைக் குடுலே

இசக்கி பந்தைக் கொடுக்கவில்லை. பேஸ்பால் மைதானத்தின் நடுவே, பந்தெறியும் மேட்டின் மேல் அசையாமல் நின்றான். எதிரில் கோச் ஞானதிரவியம் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். அரையிறுதி ஆட்டம். இசக்கி கடைசியாக எறிந்த பந்துகளெல்லாம் பிடிப்பவனின் தலைக்கு மேலே பறந்துபோனதில் எதிரணி முந்திவிட்டது.

"பந்தைக் குடுலே. நீ எறிஞ்சு கிழிச்சது போதும்."

ஓர் ஆட்டம் எறிந்தவனுக்கு நாலைந்து நாளாவது ஓய்வு வேண்டும் என்பது கோச்சுக்குத் தெரியாததல்ல. எறிவதற்கு வேறு ஆட்களும் பெஞ்சில் இருந்தார்கள். ஆனாலும் நாள்தோறும் நடந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் இவனை வைத்தே தொடங்கினார், ஜெயித்தார், அரையிறுதி வரை வந்துவிட்டார். கை வலிக்கிறது என்று இசக்கி வாயெடுக்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான்.

"அது உன் கை இல்லலே. என் கை. வலிக்கா வலிக்கலையான்னு நான் சொல்லுதேன்."

நடுவர் கையைத் தட்டி அவசரப்படுத்தினார். இவனுக்குப் பதிலாக எறியப்போகிறவன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"எங்கிட்டயே திமிரு காட்டுதியோ?" கோச் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பந்து வரவில்லை. கொக்கிபோல வளைந்து இறுகிக் கிடந்த விரல்களில் ஒன்றுகூட அசையவில்லை. இசக்கியும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டிருந்தான்.

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, வெளுத்துப்போன அந்த முஷ்டியை அவர் மூக்குக்கு நேரே தூக்கினான்.

"உங்க கைதான சார்? நீங்களே தொறந்துக்கிடுங்க."