செவ்வாயில் பால் காய்ச்சியது

பால் பொங்கிவிட்டது.

"பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு" என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

இவ்வளவு சீக்கிரம் பொங்கக் கூடாது. அடுப்புக் கம்பி இன்னும் சிவக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமையில் பால் காய்ச்சக் கூடாது என்பார்கள். செவ்வாய்க்கே குடிவந்துவிட்டவர்கள் அதற்கு என்ன செய்ய முடியும்? சூரியன் இங்கும் கிழக்கில்தான் உதிக்கிறது. அந்தத் திசை பார்த்து மின்னடுப்பை வைத்திருந்தாள். மாடு இல்லாத ஊர். பொடியைக் கரைத்த பால்தான்.

காற்று குறைந்த இடத்தில் பால் சரியாகச் சூடாகும் முன்பே பொங்கிவிடும். இந்த ஊரில் அடுப்பு மூட்டும் எல்லாருக்கும் அது தெரியும்.

யாரும் பார்க்காதபோது பாத்திரத்துக்குள் விரலை விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டில் எங்கோ காற்று கசிகிறது. ஆக்ஸிஜன் தாராளமாக இருந்ததால் உடனே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இப்படிக் கசிகிற வீட்டில் குடியிருக்க முடியாது.

கண்ணாடிக் கூடாரத்துக்கு வெளியே, திறந்த மண்ணில் கட்டிய முதல் வீடு இது. வருடக்கணக்கில் பனியை உருக்கி, பாசி வளர்த்து, இந்தக் கிரகத்துக்குக் கொஞ்சம் காற்று சேர்த்திருந்தார்கள். அதை உள்ளே இழுத்து, அழுத்தி, ஆக்ஸிஜன் கலந்து, மனிதர் மூச்சுவிடும்படி ஆக்கிய வீடு. இது தாங்கினால் பின்னாலேயே வரிசையாக வீடுகள் எழும்பும். தாங்காவிட்டால் மறுபடியும் கூடாரம்தான். மறுபடியும் அடுக்குக் கட்டில். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள்.

தனி வீடு இருப்பவர்களுக்குத்தான் பிள்ளை பெற அனுமதி. கூடாரத்துக் காற்றைத் தலைக்கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். புதிதாக ஒரு தலைக்கு அங்கே இடம் கிடையாது. அவளுக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது. இந்த வீடு போனால் இனி இல்லை.

கணவன் சித்திரவேல் வாசலில் நின்று வருகிறவர்களை வாய் நிறைய வரவேற்றுக்கொண்டிருந்தான். சுவரிலும் கூரையிலும் காற்றுத்தாள் ஒட்டியவன் அவன்தான். அந்தத் தாள்தான் உள்ளே இருக்கும் காற்றைப் பிடித்து வைக்கிறது. காலையில் அதிகாரி தில்லைநாயகம் வந்து காற்றழுத்தத்தை அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பால் குடித்துவிட்டு வீட்டுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடலாம் என்று இப்போது உட்கார்ந்திருந்தார்.

ஆளுக்கொரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

சித்திரவேல் ஒரு வாய் குடித்தான். அப்படியே நின்றான். அவளைப் பார்த்தான்.

பிறகு ஊதினான். கொதிக்கக் கொதிக்க இருப்பதுபோல ஊதி ஊதிக் குடித்தான்.

பாவி மனுஷன். அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த வீட்டுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் அமலோற்பவம் அக்கா குடித்தாள். அவளும் ஒரு கணம் நின்றாள். அவளும் ஊதினாள். அக்காவின் வீட்டுக்காரரும் ஊதினார்.

தில்லைநாயகம் கடைசியாகக் குடித்தார். தம்ளரைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வருடா வருடம் விண்ணப்பத்தோடு அவர் மேசைக்கு முன் வந்து நிற்கும் முகம் அது.

அவரும் மெல்ல ஊதினார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள். அவரவர் வீட்டு ஆசையும் அதில் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பேசாமல் இருந்தால் போதும். கையெழுத்து விழுந்துவிடும்.

அந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் தூங்கும். இந்தக் காற்றைத்தான் இழுக்கும்.

"பால் சூடாகல சார்," என்றாள்.

ஊதுவது நின்றது. தில்லைநாயகம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எங்கேன்னு தேடுங்க. காலைல திரும்ப அளக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

எல்லாரும் எழுந்தார்கள். கதவோரம், ஜன்னலோரம், சுவர் மூலை என்று உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார்கள். கோபமாக ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா முழங்காலிட்டுத் தரையோரம் தேடினாள்.

சித்திரவேல் மட்டும் தேடவில்லை. நடுக்கூடத்தில் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"என்னங்க?"

அவன் கண்ணை மட்டும் உயர்த்திக் கூரையைக் காட்டினான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். விளக்குக்குப் பின்னால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில் ஒரு கொக்கி இருந்தது. காலையில் அதிகாரி போன பிறகு மாட்டியிருக்கிறான். தாளில் ஊசிகூடக் குத்தக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன். சுற்றிலும் பசை பூசியிருந்தான். பசை காயவில்லை. விரலைக் கிட்டே கொண்டுபோனதும் காற்று வெளியே இழுப்பது தெரிந்தது.

"கூரையில எதுக்குய்யா கொக்கி?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"தூளிக்கு சார்," என்றான் சித்திரவேல்.

அவள் இறங்கிக்கொண்டாள். அவன் ஏறினான். கொக்கியைத் திருகிக் கழற்றி, ஓட்டையின் மேல் புதுத்தாளை ஒட்டி, பசை பிடிக்கும்வரை கையால் அழுத்திக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரமும் அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறங்கியவனுக்குக் கொக்கியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இப்படிக் குடுங்க," என்று அவள் கையை நீட்டினாள்.