மின்னல் விழுந்த படம்

மூன்று மழைக்காலமாக ஞானதுரை தன் சின்னக் கேமராவில் மின்னலைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அன்று மாலை மொட்டைமாடியில் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தபோது, பக்கத்து வீட்டுத் தவசி ஆட்டை அவிழ்க்கப் பனைமரத்தடிக்கு ஓடுவது தெரிந்தது. "அங்க போகாதல" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் கை அசைந்து படம் கலங்கிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டார். அடுத்த நொடி பனையில் இடி விழுந்தது. தவசி எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தவசியின் மனைவி செல்லக்கனி வந்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மாடியில படம் எடுத்தீகளாமே. அதுல அவுக இருக்காகளா? ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

படம் அருமையாக வந்திருந்தது. மரத்தடியில் தவசி, கயிற்றைப் பிடித்தபடி, மாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா, ஒண்ணுமே விழல" என்றார் ஞானதுரை. அவர் குரல் உடைந்திருந்தது.

"அதுக்கு நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி" என்று அவரைத் தேற்றிவிட்டுப் போனாள்.